கட்டத்தைக் கோட்டை விடாமல் இருக்க: தினசரி எழுத்துப் புதிருக்குப் புதியவர்களுக்கு

மறைந்திருக்கும் நான்கு எழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் மூன்றும் பச்சையாகிவிட்டன, அதாவது எழுத்தும் இடமும் சரி: ட், ட, ம். தெரியாதது முதல் எழுத்து மட்டும். கையில் இன்னும் நான்கு வாய்ப்பு. இதைவிட எளிதாக என்ன வேண்டும் என்று ‘பட்டம்’ போட்டேன். இல்லை. ‘வட்டம்’ இல்லை. ‘சட்டம்’ இல்லை. ‘மட்டம்’ என்று நான்காவதையும் செலவழித்த பிறகு திரை விடையைக் காட்டியது: ‘கட்டம்’. கட்டங்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்து கட்டத்தைக் கோட்டை விட்டேன். 41 நாள் தொடர் வெற்றி அன்றோடு போயிற்று.

அன்று எனக்குச் சொல் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு வாய்ப்பையும் விடையைக் குறிவைத்து எறிந்தேன், அதுதான் தவறு. ஒரு வாய்ப்பு என்பது ஒரு கேள்வி. எந்தக் கேள்விக்கு நிறையப் பதில் கிடைக்கும் என்று பார்த்துக் கேட்க வேண்டும். தமிழில் அந்தக் கேள்விகளில் பாதியைப் பழைய இலக்கணம் நமக்காக முன்கூட்டியே கேட்டுப் பதிலும் வைத்திருக்கிறது. பள்ளியில் தேர்வுக்காக உருப்போட்ட மொழிமுதல் எழுத்தும் (சொல்லின் முதலில் எது வரும்) மெய்ம்மயக்கமும் (எந்த மெய்க்குப் பின் எது வரும்) இப்படி ஒரு நாள் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இந்த விளையாட்டு வகையைப் பரவலாக்கியது ஆங்கிலத்தின் ‘வேர்டில்’. ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தம் துணைவிக்காக உருவாக்கியது. 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்தது, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு, ஒரு நாளைக்கு ஒரே புதிர். எழுத்தும் இடமும் சரியானால் பச்சை, எழுத்து இருந்து இடம் தவறினால் மஞ்சள், எழுத்தே இல்லை என்றால் சாம்பல். அதைப் பின்பற்றிப் பல மொழிகளில் வடிவங்கள் வந்தன, தமிழிலும் வந்தன.

ஆங்கில ஆட்டக்காரர்கள் சொல்லும் உத்திகளை அப்படியே தமிழுக்குக் கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். அங்கே 26 எழுத்து. உயிரெழுத்து நிறைந்த ஒரு சொல்லை முதலில் போட்டால் ஏதாவது ஒன்று நிறம் மாறும். இங்கே உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. முதல் வரி முழுக்கச் சாம்பலாக வருவது இங்கே சாதாரணம். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

முதல் வேலை: விதிப் பக்கத்தைப் படிப்பது

சலிப்பான வேலைதான், ஆனால் ஒரே ஒரு நாள் செய்தால் போதும். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டா? பெரும்பாலும் உண்டு. ‘அன்பு’ மூன்று கட்டம், ‘வாழ்க்கை’ நான்கு. புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணுவது புதியவர்களின் வழக்கமான தடுக்கல்.

மெய் சரியாக இருந்து உயிர் மட்டும் மாறினால் விளையாட்டு என்ன சொல்லும்? விடையில் ‘கி’ இருக்கும் இடத்தில் நீங்கள் ‘கு’ போட்டால், சில வடிவங்கள் வெறும் சாம்பல் காட்டும். சில வடிவங்கள் தனி நிறமோ குறியோ காட்டும். இந்த ஒரு வேறுபாடு ஆட்டத்தையே மாற்றிவிடும்.

எப்படிப்பட்ட சொற்கள் விடையாக வரும்? அகராதித் தலைச்சொற்கள் மட்டும்தானா, ‘வந்தான்’, ‘மரங்கள்’ போன்றவையும் உண்டா, ஜ, ஷ, ஸ, ஹ உள்ள சொற்கள் வருமா? விதியில் சொல்லவில்லை என்றால் ஒரு வாரத்து விடைகளைக் குறித்து வைத்தால் போக்கு தெரிந்துவிடும். பெயர்ச்சொல்லே வரும் என்று தெரிந்தால் பாதிச் சொற்கள் கழிந்தன.

சாம்பலைச் சரியாகப் படிப்பது

‘வ’ சாம்பலானால் கழிந்தது ‘வ’ மட்டும். வா, வி, வீ, வெ, வை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஆடிப் பழகியவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். ஓர் எழுத்து சாம்பலானதும் அந்த வரிசையையே மனத்தில் அடித்துவிட்டு, பிறகு விடை கண்முன் நின்றாலும் பார்க்க மாட்டார்கள். கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். கழிந்த எழுத்தை உயிர்க்குறியோடு சேர்த்து எழுதுங்கள்: ‘வ போயிற்று, வா இருக்கிறது’ என்று.

தொடக்கச் சொற்கள்

ஒன்று போதாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கட்டத்திலும் ஒரே எழுத்து இரண்டு முறை வரக் கூடாது. ஒரு சொல் மெய்யில் முடியட்டும், மற்றது உகரத்தில் முடியட்டும். நான் நான்கெழுத்துப் புதிருக்கு ‘கவனம்’, ‘மருந்து’ என்று தொடங்குகிறேன். முதல் சொல் ‘ம்’ என்ற ஈற்றைச் சோதிக்கிறது. பெயர்ச்சொற்களில் இதைப் போல அடிக்கடி வரும் ஈறு வேறில்லை என்பது என் கணிப்பு. இரண்டாவது ‘து’ என்ற ஈற்றையும் ‘ந்து’ என்ற கூட்டையும் சோதிக்கிறது. உங்களுக்குப் பிடித்த இணையை நீங்களே செய்துகொள்ளலாம். ‘தோட்டம்’ போல எழுத்து இரட்டிக்கும் சொல்லை மட்டும் முதல் வரியில் போட வேண்டாம். ட், ட என்று இரண்டு கட்டத்தை ஒரே கேள்விக்குச் செலவிடுகிறீர்கள்.

முதலும் கடைசியும்

எல்லா எழுத்தும் சொல்லின் முதலில் வராது. பன்னிரண்டு உயிரும் வரும். உயிர்மெய்யில் க, ச, த, ந, ப, ம என்ற ஆறு வரிசைகள் தாராளமாக வரும். ‘வ’ வரிசையில் வு, வூ, வொ, வோ தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது. ‘ய’ வரிசையில் பெரும்பாலும் ‘யா’தான், யுகம், யோகம் போல வடமொழியிலிருந்து வந்தவை சில. ஞ வரிசையில் ஞாயிறு, ஞானம், ஞாலம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வருவதில்லை. முதல் கட்டம் ‘ர’ வரிசை என்றோ ‘ட’ வரிசை என்றோ தெரிந்தால், விடை ரகசியம், டிக்கெட் போன்ற பிறமொழிச் சொல் என்று உடனே திசை கிடைத்துவிடும்.

கடைசிக் கட்டம் இன்னும் குறுகலானது. க், ச், ட், த், ப், ற் என்ற ஆறு வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. இன்றைய வழக்கில் சொல்லை முடிக்கும் மெய்கள் எட்டு: ண், ம், ன், ய், ர், ல், ழ், ள். வல்லினம் ஈற்றில் வர வேண்டுமானால் உகரம் ஏறிக்கொள்ளும்: கு, சு, டு, து, பு, று. இந்த ஆறு உகர ஈறுகளும் மேலே சொன்ன எட்டு மெய்களும் ஐகாரமும் இகரமும் சேர்ந்தால் பெயர்ச்சொற்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். எகரக் குறிலிலும் ஒகரக் குறிலிலும் முடியும் சொல்லைத் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். அந்த இரண்டு குறிலும் பிரிக்க முடியாத தமிழ்ச்சொல்லில் முதலெழுத்தோடு நின்றுவிடுகின்றன: வெளி, பொருள், எறும்பு, ஒலி. இரண்டாம் எழுத்துக்குப் பிறகு எகரம் தென்பட்டால் அது ‘நல்லெண்ணம்’ போலத் தொகைச்சொல், அல்லது வெளியிலிருந்து வந்த சொல்.

‘ந’, ‘ன’ இரண்டில் எது என்ற குழப்பமும் இங்கேயே தீர்கிறது. சொல்லின் முதலில் ‘ந’, இடையிலும் கடையிலும் ‘ன’. இடையில் ‘ந்’ வந்தால் அடுத்தது பெரும்பாலும் ‘த’ வரிசை. அநீதி, அநேகம் போன்ற சில வடசொற்கள் மட்டும் இதை மீறும்.

புள்ளி வைத்த எழுத்துக்குப் பக்கத்து வீடு

என் பார்வையில் தமிழ்ப் புதிரின் உயிர்நாடி இதுதான். ஒரு மெய்யெழுத்து தெரிந்தால் அடுத்த கட்டத்தில் யார் இருக்க முடியும் என்பதை இலக்கணம் கிட்டத்தட்டப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறது. தொல்காப்பியமும் நன்னூலும் இதை மெய்ம்மயக்கம் என்கின்றன.

க், ச், த், ப் நான்கும் தம் வரிசையோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. மூன்றாம் கட்டத்தில் ‘ச்’ பச்சையானால் நான்காம் கட்டம் ‘ச’ வரிசைதான், தேட வேண்டாம். சக்தி, பக்தி, சப்தம் என்று மீறுகிறவை எல்லாம் வடசொற்கள்.

ர், ழ் இரண்டும் இதற்கு நேர்மாறு. தம்மோடு தாம் சேரவே சேராது. ‘ர்ர’, ‘ழ்ழ’ என்று தமிழில் ஒரு சொல் கிடையாது. ஆனால் இவற்றுக்கும் ‘ய்’க்கும் ஒரு தனிச் சலுகை உண்டு: பின்னால் இன்னொரு மெய்யையும் அழைத்து வரலாம். வாழ்க்கை, ஈர்ப்பு, வாய்ப்பு, மகிழ்ச்சி. இரண்டு கட்டத்தில் அடுத்தடுத்துப் புள்ளி தெரிந்தால் முதல் புள்ளிக்கு இந்த மூவரில் ஒருவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். தனியாக ஒரு குறில் நின்று அதற்கு அடுத்து ர், ழ் வராது. ‘வழ்’ என்றோ ‘கிழ்’ என்றோ சொல் தொடங்காது. வாழ், கீழ், தாழ், வீழ் என்று நெடிலே முன்னால் நிற்கும். இரண்டாம் கட்டத்தில் ‘ழ்’ இருந்தால் முதல் கட்டம் நெடில் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். ‘ர்’ விஷயத்தில் மட்டும் கர்வம், தர்மம், வர்ணம் போன்றவை வந்து கெடுக்கும்.

மெல்லினம் தன் இனத்தைப் பார்த்தே சேரும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ஆகவே ‘ன்’ இருந்து அடுத்தது வல்லினம் என்றால் ‘ற’ வரிசையை முதலில் நினையுங்கள் (மன்றம், குன்று), பிறகு ‘ப’ வரிசையை (அன்பு, துன்பம்). ‘ண்’ என்றால் முதலில் ‘ட’ வரிசை (வண்டு), பிறகு ‘ப’ வரிசை (நண்பன்). ட், ற் இரண்டும் தம் வரிசையோடு க, ச, ப வரிசைகளையும் ஏற்கும்: வெட்கம், காட்சி, நட்பு, கற்கண்டு, பயிற்சி, கற்பனை. ல், ள் இரண்டுக்கும் பின்னால் ‘வ’ வரிசை ஒளிந்திருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கல்வி, செல்வம், கேள்வி.

ஓர் ஆட்டம், மெதுவாக

மெய் சரியாகி உயிர் மட்டும் தவறினால் ஊதா நிறம் காட்டும் ஒரு வடிவம் என்று வைத்துக்கொள்வோம். நான்கெழுத்து.

முதலில் ‘கவனம்’. நான்கும் சாம்பல். சொல் ‘ம்’மில் முடியவில்லை, க, வ, ன மூன்றும் இல்லை. தாளில் எழுதியாயிற்று.

அடுத்து ‘மருந்து’. ம, ரு, ந் மூன்றும் சாம்பல், ‘து’ பச்சை. இப்போது மூன்றாம் கட்டத்தைப் பாருங்கள். ‘து’வுக்கு முன்னால் எந்த மெய் வர முடியும்? ட், ற் இரண்டுக்கும் பின் ‘த’ வராது. ‘ந்’ கழிந்தது. ‘செய்து’ போல ‘ய்’ வரலாம், ஆனால் அது வினையெச்சம். மெய் இல்லாமல் ‘புதியது’, ‘பெரியது’ போலவும் இருக்கலாம். அகராதித் தலைச்சொல்லாக அவை குறைவு. மிஞ்சுவது ‘த்’. கருத்து, கழுத்து இரண்டிலும் ‘க’ கழிந்ததால் அவை இல்லை. ‘எழுத்து’ போடுகிறேன். அதுவே விடை என்ற நம்பிக்கையில் அல்ல. ‘த்’ என்ற ஊகத்தை உறுதிப்படுத்துவதோடு எ, ழு என்ற இரண்டு புதிய எழுத்துகளையும் அது சோதிக்கும்.

‘எ’ சாம்பல். ‘ழு’ ஊதா. ‘த்’, ‘து’ பச்சை. இரண்டாம் கட்டம் ‘ழ’ வரிசை, ஆனால் ‘ழு’ இல்லை. அழைத்து, விழித்து, பிழைத்து என்று வினையெச்சங்கள் வரிசையாக நினைவுக்கு வரும். ஒதுக்குங்கள், நமக்குப் பெயர்ச்சொல் வேண்டும். புள்ளி வைத்த ‘ழ்’ என்றால்? முன்னால் நெடில். ஆழ்த்து, தாழ்த்து, வீழ்த்து, வாழ்த்து. நான்கில் பெயர்ச்சொல்லாக நிற்கக்கூடியது ஒன்றுதான். நான்காம் வரியில் ‘வாழ்த்து’, எல்லாம் பச்சை.

முதல் வரியில் ‘வ’ சாம்பலானபோதே ‘வ’ வரிசை முழுவதையும் அடித்திருந்தால் இந்தச் சொல் கண்ணில் பட்டிருக்காது.

ஒரே வாலுள்ள சொற்கள்

இனி அந்த ‘ட்டம்’ கதைக்கு வருகிறேன். பட்டம், வட்டம், சட்டம், கட்டம், மட்டம், நட்டம், திட்டம், ஆட்டம், ஓட்டம், ஊட்டம், கூட்டம், தோட்டம், நாட்டம், வாட்டம், கொட்டம், மூட்டம். ஒன்றொன்றாக முயன்றால் ஒரு வாரம் ஆகும். ‘ற்றம்’ (குற்றம், சுற்றம், ஏற்றம், மாற்றம், தோற்றம்), ‘க்கம்’ (பக்கம், ஆக்கம், தூக்கம், ஏக்கம், நோக்கம்), ‘ப்பு’ (உப்பு, காப்பு, தோப்பு, சிரிப்பு) ஆகியவையும் இதே கூட்டம்தான்.

இப்படி மாட்டிக்கொண்டால் பச்சையான எழுத்துகளை மறந்துவிட்டு, சந்தேகத்துக்குரிய முதலெழுத்துகள் பலவற்றை ஒரே சொல்லில் அடைத்துப் போடுங்கள். அன்று நான் ‘கவசம்’ போட்டிருக்க வேண்டும். ‘க’ பச்சையானால் கட்டம். ‘வ’ மஞ்சளானால் வட்டம். ‘ச’ மஞ்சளானால் சட்டம். மூன்றும் சாம்பல் என்றால் ஒரே அடியில் மூன்று சொல் கழிந்தது. ‘கவசம்’ விடையாக இருக்கவே முடியாது என்று தெரிந்தும் அதைப் போடுவது முதலில் மனத்துக்கு ஒப்பாது. வாய்ப்பு வீணாகிறதே என்று தோன்றும். வீணாக்கியது நான் போட்ட ‘மட்டம்’தான். கிடைத்த குறிப்புகளை அடுத்த வரியில் கட்டாயம் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கடின முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அதனால் புதியவர்கள் அந்த முறையைத் தொடாமல் இருப்பது நல்லது. கடைசி வாய்ப்பு மட்டுமே மிஞ்சியிருந்தாலும் இது பயன்படாது. அப்போது குருட்டாம்போக்கில் ஒன்றை எறிய வேண்டியதுதான்.

கலைத்துப் போட்ட எழுத்துகள்

எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்துச் சொல்லைக் கேட்கும் புதிர்களிலும் அதே விதிகள் உதவும், இன்னும் வேகமாகவே உதவும். க, ம், ள, வி, க் என்று ஐந்து கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ‘க்’குக்குப் பக்கத்தில் ‘க’தான், இரண்டையும் ஒட்டி ‘க்க’ என்று ஒரே துண்டாக்குங்கள். ‘ம்’ கடைசிக்குப் போகட்டும். ‘ள’ முதலில் வராது, ‘க்க’வும் வராது, எனவே முதலில் ‘வி’. இடையில் மிஞ்சுவது ‘ள’, ‘க்க’. விளக்கம். கண்ணை இடுக்கி எழுத்துகளை மனத்துக்குள் சுழற்றிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

கொடுத்த எழுத்துகளை வைத்து எத்தனை சொல் முடியுமோ அத்தனையும் எழுதச் சொல்லும் வகைக்கு ஒரே ஓர் ஆலோசனை: முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், ஈற்றைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். ‘ம்’ இருக்கிறதா, அதில் முடியும் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு அடுத்த ஈற்றுக்குப் போங்கள். ஈறு மாறும்போது நினைவில் வேறோர் அறை திறக்கிறது.

மாட்டிக்கொண்ட நாளில் புதிரை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது எனக்குப் பலித்த வழி. நாள் முடியும்வரை நேரம் இருக்கிறது. ஐந்தாம் வரியைப் பத்து நிமிடத்தில் எரிச்சலோடு போட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. தோற்ற சொற்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன், பக்கத்தில் ஏன் தோற்றேன் என்று ஒரு சொல்லில் காரணம். ‘வால்’ என்று ஆறு இடத்தில் இருக்கிறது. ‘சாம்பல்’ என்று நான்கு. ‘சொல்லே தெரியாது’ என்று இதுவரை ஒரே ஓர் இடத்தில்தான்.

பயிற்சிக்கு ஒன்று: ச், ள, சி, ர், வ. ஐந்தும் சேர்ந்து ஒரு சொல். அகராதியைத் தொடாமல், ‘ச்’சின் பக்கத்து வீடு எது, எது முதலில் வராது, ‘ர்’ எதற்கு அடுத்து நிற்காது என்று இந்த மூன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்.